கோரை அசையாத மாலையில் நீரில் விழுந்த கைட்

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாலை ஐந்தரை மணி அளவில், ஆற்காட்டை அடுத்த ஓர் ஏரியின் நடுவே இடுப்பளவு நீரில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு 24 மீட்டர் தொலைவில், பலகைமேல் நிற்பவரை நீரில் இழுத்துச் செல்லும் பெரிய காத்தாடியான, 12 சதுர மீட்டர் பரப்புள்ள என் கைட், காற்றடைத்த தன் முன்குழாயைத் தண்ணீரில் பதித்து, எழவும் மாட்டாமல் ஒரு பக்கமாகச் சாயவும் மாட்டாமல் கிடந்தது. அதை மீண்டும் எழுப்ப நாற்பது நிமிடம் முயன்றும் என்னால் முடியவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் நான் செய்த தவறுகளையும், அதன் பிறகு பாலாற்று மணலிலும் அதே ஏரியிலும் இராமேஸ்வரத்துக் கடலிலும் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். உள்நாட்டு ஏரிகளில் மெல்லிய காற்றை நம்பி இந்த விளையாட்டில் இறங்குகிறவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

எனக்கு வீடு வேலூர் சத்துவாச்சாரியில்; வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். கடல் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கைட்போர்டிங்கை நான் 2019இல் இராமேஸ்வரத்தில் கற்றேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், அங்குள்ளவர்கள் சோளகம் என்று சொல்கிற அந்தக் காற்று, ஆழமில்லாத கடற்கழிப் பரப்புகளின்மேல் 15 நாட்டுக்குக் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் வேகம்) குறையாமல் மணிக்கணக்கில் நின்று வீசும். அந்தக் காற்றில் கைட் நீரில் விழுவது ஒரு பொருட்டே அல்ல. ஒரு பக்கத்துப் பின்கயிற்றை, அதாவது கைட்டின் பின்விளிம்புப் பக்கம் கட்டிய இரண்டு கயிறுகளில் ஒன்றை, சற்று இழுத்தாலே அது புரண்டு, ஓரத்துக்கு நகர்ந்து, தானே மேலே ஏறிவிடும். அந்த எளிமையை என் திறமை என்று நான் எடுத்துக்கொண்டதுதான் முதல் பிழை. வேலூருக்குத் திரும்பிய பிறகு எனக்குக் கிடைத்தது வேறு வகைக் காற்று.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது எங்கள் பக்கத்து ஏரிகள் பலவும் நிரம்பின. அடுத்த ஆடி வரையிலும் சிலவற்றில் நீர் நின்றது. ஊர்ப் பெரியவர்களிடமும், ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவரிடமும் ஒப்புதல் பெற்றுக்கொண்டு, நானும் என் தங்கையின் கணவரும் ஞாயிறுதோறும் அங்கே போகத் தொடங்கினோம். நான் நீரில் இறங்கினால் அவர் கரையில் நின்று பார்த்துக்கொள்வார். தனியாக ஒருபோதும் போவதில்லை என்ற அந்த ஒழுங்கு மட்டுமே அன்று நான் சரியாகச் செய்த காரியம்.

எங்கள் ஊரின் ஆடிக் காற்று மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசுவது. நண்பகலுக்குப் பிறகு தரை நன்றாகச் சூடேறி, கீழுள்ள காற்று மேலெழும்ப, உயரத்தில் ஓடும் வேகமான மேற்குக் காற்று கலந்து கீழே இறங்குகிறது. அதனால் இரண்டு மணி முதல் நான்கரை மணி வரை ஏரியில் 12, 13 நாட் காற்று கிடைக்கும். வெயில் தாழ்ந்ததும் அந்தக் கலப்பு நின்றுவிடுகிறது. மேலே காற்று ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் தரையை ஒட்டிய அடுக்கு அடங்கிவிடும். அன்றைய தினம் ஐந்து மணிக்கு மேலும் நான் தண்ணீரில் இருந்தேன், ஏனென்றால் கைட் தலைக்கு மேலே நன்றாகவே பறந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மற்றவை எனக்கு விளங்கின. பறந்துகொண்டிருக்கும் கைட் தன் ஓட்டத்தாலேயே தனக்குக் கூடுதல் காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. சைக்கிள் மிதிப்பவர் முகத்தில் காற்று மோதுவதைப் போன்றது அது. மேலும் அது 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று நீர்மட்டத்தில் இருப்பதைவிட வேகமானது. நீரில் விழுந்த கணத்தில் இந்த இரண்டு உதவிகளையும் கைட் இழந்துவிடுகிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 16 நாட் காற்று 8 நாட்டாகக் குறைந்தால் விசை பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே, கைட்டை வானத்தில் தாங்கிக்கொள்ளப் போதுமான காற்று, அதை நீரிலிருந்து எழுப்பவும் போதும் என்று நினைக்கக் கூடாது. 12 சதுர மீட்டர் கைட்டின் எடை ஏறக்குறைய மூன்று கிலோதான். ஆனால் துணியின் மடிப்பில் பத்து லிட்டர் நீர் தேங்கினால் அதனுடன் பத்து கிலோ சேர்ந்துவிடும். 8 நாட்டுக்குக் கீழே அதைத் தூக்கும் வலு காற்றுக்கு இருக்காது.

விழுந்த கைட் பெரும்பாலும் நமக்கு நேர் எதிரே, காற்று போகும் திசையில், முன்குழாய் நீரில் படிய, வளைவின் இரு முனைகளும் நம்மை நோக்கியிருக்க, துணி ஒரு சுவர் போல நிமிர்ந்து நிற்கும். அந்த நிலையில் நான் செய்தது என்ன? ஒரு பின்கயிற்றைப் பிடித்துப் பலமாக இழுத்தேன். முனை மடிந்தது, கைட் சற்றே திரும்பியது, உடனே மீண்டும் நடுவுக்கே வந்து படுத்தது. மறுபக்கத்துக் கயிற்றை இழுத்தேன், அதே கதிதான். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட வலுவாக இழுத்தேன். இழுக்கும் வேகத்தில் நானே கைட்டை நோக்கி இரண்டு மூன்று அடி நகர்ந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கைட் காற்றோடு நகர, நானும் அதனோடு நகர்ந்தால், அதற்குக் கிடைக்கும் காற்று என் நகர்வின் அளவுக்குக் குறைகிறது. ஏற்கெனவே மெலிந்த காற்றிலிருந்து நானே மேலும் திருடிக்கொண்டிருந்தேன்.

வடக்கு ஓரத்தில் தெர்மோகோல் தெப்பத்தில் உட்கார்ந்து வலை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் அவர் குரல் கொடுத்தார்: “தம்பி, பனமட்டயப் பாத்துக்கினு நிக்காத. கோரை ஆடுதா பாரு. கோரை ஆடலன்னா தண்ணி மேல காத்து இல்ல.” திரும்பிப் பார்த்தேன். கரைமேல் நின்ற பனைகளின் மட்டைகள் சலசலத்துக்கொண்டிருந்தன. நீரோரத்துக் கோரை அசையாமல் நின்றது. காற்றுமானியை ஒவ்வொரு முறையும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தே அளந்து வந்த எனக்கு, கைட் கிடக்கும் உயரத்தில் அளக்க வேண்டும் என்பது அந்த வாக்கியத்தைக் கேட்கும் வரை தோன்றவேயில்லை.

“மச்சான், விட்டுடுங்க, இருட்டப் போவுது!” என்று தங்கையின் கணவர் கரையிலிருந்து கத்தினார். அந்த ஏரியில் நிலம் கிழக்கே சரிகிறது; ஆகவே கரையும் மதகும் ஆழமும் கிழக்கில் இருக்கின்றன. மேல்காற்று நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அங்கேதான். கரையை ஒட்டி மண் எடுத்த பள்ளங்கள் வேறு இருக்கின்றன. இதற்கு மேல் முயன்றால் ஆழத்துக்குத்தான் போவோம் என்று தெரிந்ததும் முயற்சியைக் கைவிட்டேன்.

கைவிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இடுப்பில் இருந்த விடுவிப்புப் பிடியைத் தள்ளி, கைட்டைச் சேஃப்டி கயிறு ஒன்றில் மட்டும் தொங்கவிட்டேன். அப்போது அது விசையிழந்து தட்டையாகக் கிடக்கும். அந்தக் கயிற்றைப் பிடித்துப் பாரை, அதாவது கைட்டைச் செலுத்தக் கையில் பிடிக்கும் தண்டை, எட்டி, முதலில் சேஃப்டி கயிற்றை மட்டும் பாரில் பல சுற்றுகள் சுற்றி, அது மற்ற மூன்றைவிடக் குட்டையாக இருக்கும்படி செய்துகொண்டேன். அதன் பிறகே நான்கையும் சேர்த்துச் சுற்றினேன். இந்த வரிசை மாறினால், சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு வீச்சுக் காற்று வந்து கைட் உயிர் பெற்றுவிடக்கூடும். கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ ஒரு சுற்றுக்கூடச் சுற்றக் கூடாது. மெலிந்த அந்தக் கயிறு இறுகினால் சதையை அறுத்துவிடும். கைட்டை அடைந்ததும் முன்குழாயில் சாய்ந்து பிடித்துக்கொண்டு, ஆழமில்லாத வடக்கு ஓரத்தை நோக்கி மெதுவாக நடந்தேன். குழாயின் காற்றை நீரில் இருக்கும்போது இறக்கவில்லை. கரை சேரும் வரை நமக்கு மிதவை அதுதான்.

கரையில் கைட்டைத் தட்டிப் பார்த்தபோது இன்னொரு காரணம் வெளிப்பட்டது. முன்குழாய் தளர்ந்திருந்தது. ஏரியின் மேற்கு விளிம்பு முழுவதும் சீமைக்கருவேலம். கைட்டை அங்கேதான் விரித்து வைத்திருந்தேன். ஒரு முள் வெளியுறையைத் தாண்டி உள்பையில் ஊசிமுனை அளவு துளையிட்டிருந்தது. அத்துடன், உச்சி வெயிலில் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை அடித்த காற்று நீரில் குளிர்ந்ததும் தன் அழுத்தத்தை இழக்கிறது. குழாய்க்குள் வெப்பம் 48 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்கு இறங்கினால், துளை எதுவுமே இல்லாவிட்டாலும், 7 என்பது ஐந்தரைக்குச் சற்று மேலே வந்து நிற்கும். இது கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய எளிய பௌதிகம். வேலூர் வெயிலில் கைட் விரிக்கிறவர்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியதும்கூட. இறுகிய குழாய் ஒரு நெம்புகோல் போல வேலை செய்கிறது: ஒரு முனையை இழுத்தால் முழுக் கைட்டும் திரும்புகிறது. தளர்ந்த குழாய் நடுவில் மடிந்துகொள்கிறது. நாம் இழுப்பது அந்த மடிப்போடு நின்றுவிடுகிறது. பிரான்ஸைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகாய்ன்யூ என்ற சகோதரர்கள் 1984இல் காற்றடைத்த குழாய் கொண்ட கைட்டுக்குக் காப்புரிமை கோரியதன் நோக்கமே, விழுந்தால் மிதந்து நீரிலிருந்து மீண்டும் எழக்கூடிய ஒன்றை உருவாக்குவதுதான். அந்தக் குழாயையே நான் கவனியாமல் விட்டிருந்தேன்.

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் ஏரிக்குப் போகவில்லை. காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவே பாலாற்றின் வறண்ட மணலில், விடியற்காலையில், நான்கு கயிறுள்ள 3 சதுர மீட்டர் பயிற்சிக் கைட்டை வைத்துப் பழகினேன். எங்கள் பக்கத்தில் பொங்கலை ஒட்டி மொட்டைமாடிகளில் காத்தாடி விட்டு வளர்ந்தவர்களுக்குச் சூத்திரம் போடுவது தெரியும்: முடிச்சை ஒரு விரல்கடை நகர்த்தினால் காத்தாடியின் சாய்வே மாறிவிடும். கைட்டில் அந்த வேலையைச் செய்வது பாருக்கு மேலுள்ள டிரிம் பட்டை. மணலில் கிடக்கும் கைட்டின் ஒரு பின்கயிற்றை எவ்வளவு இழுத்தால் அது புரள்கிறது, எவ்வளவு இழுத்தால் மடிகிறது என்று நூறு தடவைக்கு மேல் செய்து பார்த்தேன். பெரிய கைட்டை இப்படி மணலில் இழுக்கக் கூடாது, துணி தேய்ந்துவிடும். மின்கம்பிகள் அருகில் இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இப்போது நான் பின்பற்றும் முறை இது. கைட் விழுந்ததும் முதலில் எதையும் இழுப்பதில்லை. பாரை நேராகப் பிடித்து, கயிறுகளில் முறுக்கு இருக்கிறதா, ஏதாவது ஒன்று ஆகாயத்தாமரையிலோ குழாயின் முனையிலோ சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். கைட் மல்லாந்து கிடந்தால் அதை நோக்கி இரண்டடி நகர்ந்து கயிறுகளைத் தளரவிடுகிறேன். அது தானே புரண்டு முன்குழாயின்மேல் படியும். அதன் பின்பு கயிறுகளை இறுக்குவதுதான் முக்கியமான வேலை. ஆழமில்லாத நீரில் காற்றை எதிர்த்துப் பின்னோக்கி ஒவ்வோர் அடியாக நடக்கிறேன். ஏரியின் அடியில் கருவேலங்கட்டைகள் இருக்கும் என்பதால் தடித்த அடியுள்ள நீர்க்காலணி இல்லாமல் இறங்குவதில்லை. ஆழமான நீராக இருந்தால் பலகையைக் காலில் மாட்டிக் குறுக்காக நிறுத்தி நகர்வைத் தடுக்கிறேன். பலகை இல்லையென்றால் மல்லாந்து படுத்துக் கால்களை உதைத்துப் பின்னால் போகிறேன். வேகமாக நடப்பதாலோ நீந்துவதாலோ கிடைப்பது ஒரு நாட் கூடுதல் காற்றாகவே இருக்கலாம். 8 நாட் 9 ஆனால் விசை நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது என்பதை நினைத்தால் அந்த ஒரு நாட் எவ்வளவு பெரிது என்பது தெரியும்.

கயிறுகள் இறுகிய பிறகு, கைட் எந்தப் பக்கம் சாய முனைகிறதோ அந்தப் பக்கத்துப் பின்கயிற்றை, பாருக்கு மேலுள்ள மிதவையை ஒட்டிப் பிடித்து, ஒரு முழத்துக்கு மிகாமல் உள்ளே இழுத்து, அப்படியே வைத்திருக்கிறேன். இந்த வைத்திருத்தல்தான் எனக்கு வராமல் இருந்தது. பலமான காற்றில் இரண்டு விநாடியில் முடிவது மெல்லிய காற்றில் இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் கைட் ஒன்றுமே செய்யாததைப் போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால், அது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கடிகார முகமாக நினைத்தால் ஆறிலிருந்து ஒன்பதை அல்லது மூன்றை நோக்கி, விரல் விரலாக நகர்ந்துகொண்டிருக்கும். பொறுமையிழந்து இன்னும் இழுத்தால் முனை மடிந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். கையை விட்டாலும் அதே கதிதான். ஓரத்துக்கு வந்ததும் மேல் முனை நிமிரும், துணியிலிருந்து நீர் வடியும் ஓசை கேட்கும், ஒரு பாதி நீரை விட்டு எழும்பும். அப்போதும் கயிற்றை விட்டுவிடக் கூடாது. கைட் முழுவதும் நீரை விட்டுக் கிளம்பிய பிறகே மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

முன்குழாய் நீரோடு ஒட்டிக்கொண்டு அசையவே மறுக்கும் நேரமும் உண்டு. அப்போது இரண்டு பின்கயிறுகளையும் ஒரே அளவாக, கை மாற்றி மாற்றி இழுத்தால், கைட் பின்பக்கமாகவே நீரைவிட்டு ஒரு முழம் மேலெழும்பும். அந்தக் கணத்தில் ஒரு கயிற்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடித்தால் அது திரும்பி ஓரத்துக்கு ஓடும். பாலாற்று மணலில் நான் அதிகம் பழகியது இதைத்தான். ஏரியில் எனக்கு அதிகம் உதவியதும் இதுவே.

எழுந்த பிறகு வரும் இழப்பு இன்னும் வேதனையானது. கைட் மேலே ஏறும் மகிழ்ச்சியில் பாரை நெஞ்சோடு இழுத்துக்கொள்வது எல்லோருக்கும் இயல்பு. பின்கயிறுகள் இறுகியதும் கைட்டின் சாய்வு மிகுந்துபோய், அது முன்னே பறக்காமல் பின்னோக்கிச் சரிந்து விழும். நான் நான்கு முறை இப்படி இழந்திருக்கிறேன். இப்போது பாரை முழுவதும் தள்ளிப் பிடித்து, டிரிம் பட்டையைச் சற்றே உள்ளிழுத்து வைத்து, கைட்டை ஓரத்தின் வழியாகவே மேலே ஏற்றுகிறேன், நடுவழியாகத் திருப்புவதில்லை.

2023 ஜூனில் இராமேஸ்வரம் போனபோது, கால் எட்டாத ஆழத்தில், காற்று அடங்கிய ஒரு காலைப்பொழுதில் கைட் விழுந்தது. அங்கே நீரோட்டம் இன்னொரு கணக்கைச் சேர்க்கிறது: காற்றும் நீரோட்டமும் ஒரே திசையில் போனால் நம்மோடு நீரே காற்றின் திசையில் நகர்கிறது, கைட்டுக்குக் கிடைக்கும் காற்று குறைகிறது, எதிரெதிராகப் போனால் நீரோட்டம் நம்மைப் பின்னே இழுத்து உதவுகிறது. அன்று இரண்டும் ஒரே திசையில் போயின. எனக்குப் பயிற்சி அளித்த இளைஞர் படகிலிருந்து, “அண்ணே, இழுக்காதீங்க, புடிச்சிக்கிட்டே இருங்க, அது வரும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பலகையைக் குறுக்கே நிறுத்தி, கயிற்றைப் பிடித்தபடி, மனத்துக்குள் 140 வரை எண்ணினேன். மேல் முனை நிமிர்ந்து நீர் வடியும் ஓசை கேட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஏரியில் இப்போது எனக்குச் சில வரம்புகள் உண்டு. கைட்டைச் சீமைக்கருவேலம் இல்லாத புல்தரையில் மட்டும் விரிக்கிறேன். முன்குழாயை நிழலில் அடித்து, நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மீண்டும் ஒருமுறை அழுத்தம் பார்க்கிறேன். காற்றுமானியை நீர்மட்டத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் பிடித்து அளக்கிறேன். அங்கே 9 நாட் இல்லையென்றால் இறங்குவதில்லை. மிதவைச் சட்டையும் கயிறறுக்கும் கத்தியும் இல்லாமல் எவரையும் இறங்கவிடுவதில்லை. கிழக்குக் கரைக்கும் எனக்கும் நடுவே குறைந்தது முந்நூறு மீட்டர் இருக்கும்போதே திரும்பிவிடுகிறேன். விழுந்த கைட்டை எழுப்ப மூன்று முயற்சி மட்டும். அதற்குள் எழாவிட்டால், வெளிச்சமும் உடலில் தெம்பும் இருக்கும்போதே கயிற்றைச் சுற்றத் தொடங்கிவிடுகிறேன். மாலை நான்கே முக்காலுக்கு, கைட் எவ்வளவு நன்றாகப் பறந்துகொண்டிருந்தாலும், தங்கையின் கணவர் கரையிலிருந்து துண்டை வீசிக் காட்டுவார். நான் ஒருமுறை கோரையைப் பார்த்துவிட்டுக் கரையேறிவிடுவேன்.